நள்ளிரவுத் திருப்பலிக்குப் பின் சீஸ், பழத் தட்டு: போன வருடம் ஏன் கசந்தது?

குழித்துறைக்காரி | டிசம்பர் 9, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் டிசம்பர் 24 அன்று நள்ளிரவுத் திருப்பலி முடிந்து திரும்பியதும் சொந்தக்காரர்கள் எல்லாரும் கூடி, ஏதாவது கொறித்துப் பேசிவிட்டுத்தான் படுக்கப் போவது வழக்கம். முந்திரிக்கொத்தும் அச்சு முறுக்கும் கேக்கும் எப்படியும் இருக்கும். ஆனால் குவைத்திலிருந்து கொழுந்தனார் குடும்பம் வரும் வருடங்களில் அவர்களுடைய பிள்ளைகள் சீஸும் பழமும் அடுக்கிய தட்டு வேண்டும் என்று கேட்பார்கள் என்பதால், போன வருடம் நானே துணிந்து ஒன்று செய்தேன்.

அது முழுத் தோல்வி. இரவு 10 மணிக்கே எல்லாவற்றையும் வெட்டி, நடுவில் கிரீம் சீஸைக் குவித்து, அதைச் சுற்றி அன்னாசித் துண்டுகளைப் பதித்து, ஈரத்துணி போட்டு மூடிவிட்டுக் கோயிலுக்குப் போனேன். 1.15-க்குத் திரும்பி வந்து துணியை எடுத்தபோது கிரீம் சீஸின் ஓரமெல்லாம் தண்ணீர் விட்டு இளகியிருந்தது. வாயில் வைத்தால் வேப்பங்கொழுந்தைக் கடித்ததுபோல் கசப்பு. செடார் துண்டுகள் எண்ணெய் வழிந்து மினுங்கின, ஆப்பிள் கறுத்துவிட்டது, பிஸ்கட் நமத்துப்போயிற்று. கடைக்காரர் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்று நினைத்து, பண்டிகை முடிந்ததும் போய்ச் சண்டையும் போட்டேன். அவர் டப்பாவில் இருந்த தேதியைக் காட்டினார். தேதி சரியாகத்தான் இருந்தது.

இந்த வருடம் 22 பேர் வருகிறார்கள். அதில் 6 பேர் பிள்ளைகள், இருவருக்குச் சர்க்கரை நோய், மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வீட்டில் ஃபிரிட்ஜ் ஒன்றுதான், அதிலும் பாதி இடத்தைக் கறி பிடித்துக்கொள்ளும். என்ன வாங்கலாம், எப்போது வெட்டலாம், எதை எதன் அருகில் வைக்கக் கூடாது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சோகநாசினிக்கரை | டிசம்பர் 9, இரவு 10.25

தங்கச்சி, முதல் வேலையாக அந்தக் கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். குற்றவாளி அன்னாசிதான்.

நான் பாலக்காட்டுச் சித்தூரில் இருக்கிறேன். பால் பண்ணையில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். பச்சை அன்னாசியில் புரோமெலைன் என்ற நொதி இருக்கிறது, அதற்குப் புரதத்தை அறுப்பதே தொழில். சீஸ் என்பது பாலின் கேசீன் புரதம் வலைபோல் பின்னி, அந்த வலைக்குள் கொழுப்பையும் நீரையும் பிடித்து வைத்திருக்கும் பொருள். அன்னாசிச் சாறு பட்டதும் அந்த வலை அறுபட்டு உள்ளே இருந்த நீர் வெளியே வருகிறது, அறுபட்ட சின்னச் சின்னப் புரதத் துணுக்குகள்தான் நாக்கில் கசக்கின்றன. மூன்று மணி நேரம் ஈரத்துணிக்கு அடியில் இரண்டையும் ஒட்ட வைத்தால் வேறென்ன நடக்கும்? கிவிப் பழத்திலும், பச்சை அத்திப் பழத்திலும், செங்காய்ப் பதத்தில் இருக்கும் பப்பாளியிலும் இதே வகை நொதிகள் உண்டு. நன்கு பழுத்த பப்பாளியில் குறைவு. காய்ந்த அத்தியால் அவ்வளவு தொல்லை இல்லை.

செடார் எண்ணெய் விட்டது வேறு கதை. பால் கொழுப்பு 20 பாகை தாண்டியதுமே இளகத் தொடங்கி, உடம்புச் சூட்டை எட்டும்போது ஏறக்குறைய முழுவதும் உருகிவிடும். நம் பக்கத்து டிசம்பர் இரவு வெளியே சற்றுக் குளிர்ந்தாலும், அடுப்பும் ஆட்களும் நிறைந்த வீட்டுக்குள் 27, 28 பாகை நிச்சயம் இருக்கும். பரிமாறுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் சீஸை வெளியே எடுத்து வையுங்கள் என்று புத்தகங்களில் எழுதியிருப்பது பனி பெய்யும் ஊர்களுக்கான கணக்கு. நமக்கு 20 நிமிடம் போதும், கெட்டியான சீஸுக்கு அதிகம் போனால் 30.

குழித்துறைக்காரி | டிசம்பர் 9, இரவு 10.50

ஐயா, மிக்க நன்றி. நீங்கள் எழுதியதைப் பக்கத்தில் இருந்த மாமியாருக்கு வாசித்துக் காட்டினேன். அவர் பாறசாலையில் பிறந்து வளர்ந்தவர். கேட்டதும், "அதனால்தானே மதுரப் பச்சடிக்குக் கைதச்சக்கையை வேக வைத்து ஆறவிட்ட பிறகு தயிர் ஊற்றுகிறோம்; பச்சையாகப் போட்டால் கசந்து போகும் என்று எங்கள் அம்மா அடிக்கவே வருவாள்" என்றார். கைதச்சக்கை என்றால் அன்னாசி. நான் 14 வருடமாக அந்தப் பச்சடியைச் செய்கிறேன். வேகவைப்பது ருசிக்காக என்றே நினைத்திருந்தேன்.

சோகநாசினிக்கரை | டிசம்பர் 9, இரவு 11.05

மாமியார் சொன்னதில் எழுத்துப் பிசகாமல் அத்தனையும் சரி. நன்றாகச் சூடேறினால் அந்த நொதி செத்துவிடும். டப்பாவில் அடைத்த அன்னாசி தயிரைக் கசக்க வைக்காததும் அதனால்தான். உங்களுக்கு அன்னாசி கட்டாயம் வேண்டுமென்றால் வட்டமாக அரிந்து, தோசைக்கல்லில் இரண்டு பக்கமும் நடுவரை சூடேறிச் சிவக்கும்படி சுட்டு, ஆறவைத்து வையுங்கள். மேலே ஒரு சிட்டிகை மிளகுத்தூள் போட்டால் கெட்டியான சீஸுக்கு அதைவிடப் பொருத்தமான துணை கிடையாது. வாழக்குளம் அன்னாசி கிடைத்தால் சர்க்கரையே தேவைப்படாது.

எல்லைக்கல் | டிசம்பர் 10, காலை 6.15

குறுக்கே பேசுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் களியக்காவிளைக்காரன். நம் வீட்டுப் பண்டிகைத் தட்டில் சீஸ் எதற்கு என்பதே எனக்கு விளங்கவில்லை. செந்துளுவனும் மட்டிப் பழமும் முந்திரிப் பருப்பும் ஏத்தன் சிப்ஸும் வைத்தால் யார் குறை சொல்லப்போகிறார்கள்? 1980-களில் என் சித்தப்பா வளைகுடாவிலிருந்து நீலத் தகர டப்பாவில் கிராஃப்ட் சீஸ் கொண்டு வருவார். ஊரே அதிசயமாகப் பார்க்கும். ஆளுக்கு ஒரு சின்ன வில்லை கிடைக்கும். உப்புப் போட்ட ரப்பரைத் தின்பதுபோல் இருக்கும் என்று சொல்லத் துணிவில்லாமல் எல்லாரும் நன்றாக இருக்கிறது என்றோம்.

சோகநாசினிக்கரை | டிசம்பர் 10, காலை 8.30

எல்லைக்கல் அண்ணாச்சி, நீங்கள் சாப்பிட்டது பதப்படுத்திய சீஸ். சீஸை உருக்கி, பிரியாமல் இருக்க பாஸ்பேட் போன்ற உப்புகளைச் சேர்த்து மறுபடியும் உறையவைத்தால் அந்த ரப்பர் பதம் வரும். தகர டப்பாவில் வெயில் நாட்டைத் தாண்டி வர அதுதான் தோது. அதை வைத்துச் சீஸை எடை போடுவது, பொட்டலத்தில் வரும் மாவு கரைத்த பாயசத்தைக் குடித்துவிட்டுப் பாலடைப் பிரதமனைக் குறை சொல்வதற்குச் சமம். கொடைக்கானலில் செய்யும் கௌடாவில் ஒரு சின்னத் துண்டை மறையூர் வெல்லத்தோடு சேர்த்துத் தின்று பாருங்கள், பிறகு பேசலாம்.

கம்பம்பந்தல் | டிசம்பர் 10, பகல் 1.10

திராட்சையைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பந்தலில் விளைவதே அதுதான். தட்டுக்கு விதையில்லாப் பச்சைத் திராட்சையைத்தான் பெரும்பாலோர் வாங்குகிறார்கள். பார்வைக்கு அழகு, தின்னச் சுலபம், ஆனால் வாசனை என்று ஒன்றும் இருக்காது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு விதை உண்டு, தோல் சற்றுத் தடிப்பு. ஆனாலும் வாயில் உடைந்ததும் எழும் அந்தப் பன்னீர் மணம் உப்புச் சீஸின் மேல் படியும்போதுதான் இரண்டையும் ஏன் சேர்த்து வைக்கிறார்கள் என்பது புரியும். 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கவாத்தை முறை வைத்துச் செய்வதால் எங்கள் பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் ஏதாவது ஒரு தோட்டத்தில் காய் இருக்கும், ஆகவே டிசம்பரில் கிடைக்குமா என்ற கவலை வேண்டாம்.

கொத்தை எப்படிக் கையாள வேண்டும் என்றும் சொல்லிவிடுகிறேன். பழத்தின் மேல் சாம்பல் பூத்ததுபோல் தெரிவதை மருந்துத் தூள் என்று நினைத்துத் துடைக்காதீர்கள். அது பழம் தானே சுரக்கும் மெழுகு, அது கலையாமல் இருந்தால் பழம் புதிது என்று அர்த்தம். மருந்து அடித்திருப்பார்கள் என்ற சந்தேகமும் நியாயமானதே. அதனால் மாலையில் முழுக் கொத்தாக ஓடும் தண்ணீரில் பிடித்துக் கழுவி, காம்பில் நூல் கட்டிச் சமையலறைக் கம்பியில் ஒரு மணி நேரம் தொங்கவிடுங்கள். தண்ணீர் கீழ் நுனிக்கு இறங்கிச் சொட்டிவிடும், பரப்பி வைத்தால் அடியில் தேங்கும். ஈரம் போனபின் கத்தரிக்கோலால் ஐந்தாறு பழம் உள்ள சிறு கொத்துகளாக நறுக்கிக்கொள்ளுங்கள். பழத்தைக் காம்பிலிருந்து பிய்த்தால் அந்த ஓட்டை வழியே சாறு கசிந்து சீஸில் ஊதாக் கறை படியும். 5 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு மட்டும் பழத்தை நீளவாக்கில் பிளந்து விதை எடுத்துத் தனிக் கிண்ணத்தில் கொடுங்கள். முழுத் திராட்சை தொண்டையில் அடைக்கும்.

செங்கோட்டைவாசி | டிசம்பர் 10, மாலை 7.20

எங்கள் வீட்டிலும் புத்தாண்டுக்கு இப்படியொரு தட்டு வைக்கலாம் என்று மகள் சொல்கிறாள். நாங்கள் சைவம். பாலை உறையவைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுத்த பொருளைச் சேர்ப்பார்கள் என்று கேள்விப்பட்டேன், அது உண்மையா?

சோகநாசினிக்கரை | டிசம்பர் 10, இரவு 8.45

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அந்தப் பொருளுக்கு ரென்னெட் என்று பெயர். பழைய முறையில் பால் குடிக்கும் கன்றின் இரைப்பையிலிருந்தே அதை எடுத்தார்கள். பூஞ்சையிலிருந்து எடுக்கும் ரென்னெட் பல பத்தாண்டுகளாக இருக்கிறது. கன்றின் நொதியையே நுண்ணுயிரைக் கொண்டு உண்டாக்கும் முறைக்கு 1990-இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நம் நாட்டில் உறையின் மேல் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் போதும். இறக்குமதிச் சீஸில்தான் கவனம் வேண்டும். இத்தாலியின் அசல் பார்மிஜானோ ரெஜ்ஜானோவை விதிப்படியே கன்று ரென்னெட்டில்தான் செய்ய வேண்டும் என்பதால், அதில் சைவ வகை என்று ஒன்று இருக்கவே முடியாது.

மறையூர் டீச்சர் | டிசம்பர் 11, இரவு 9.05

அளவைப் பற்றி யாரும் பேசவில்லை. கேக்கும் பலகாரமும் வேறு இருப்பதால் பெரியவர்களுக்கு ஆளுக்கு 50 கிராம், பிள்ளைகளுக்கு 25 கிராம் என்று வைத்தால் 16 பேருக்கு 800, 6 பேருக்கு 150, ஆக 950 கிராம் சீஸ். ஒரு கிலோவுக்கு மேல் வாங்கவே வேண்டாம். பழம் அதைப்போல் இரண்டு மடங்கு. வகைகளையும் மூன்றோடு நிறுத்துங்கள்: கெட்டியானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, பூசித் தின்ன மெதுவானது ஒன்று. ஏழெட்டு வகை வைத்தால் ஒவ்வொன்றிலும் ஒரு துண்டு மிஞ்சி, ஜனவரி முழுவதும் ஃபிரிட்ஜில் கிடந்து பூத்துப்போகும்.

மெதுவான வகையைக் கடையில் வாங்க வேண்டியதே இல்லை. குவைத்துக்காரர் வீட்டில் லபனே தெரியாதவர் இருக்க மாட்டார்கள். ஒரு லிட்டர் கெட்டித் தயிரில் அரைத் தேக்கரண்டி உப்புக் கலந்து, வேட்டித் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து ஃபிரிட்ஜுக்குள் ஓர் இரவும் ஒரு பகலும் விட்டால் 350 கிராம் அளவுக்குக் கிடைக்கும். அதை ஒரு மண் சட்டியில் வழித்துக் கரண்டியின் பின்புறத்தால் குழித்து, குழியில் மார்த்தாண்டம் தேன் விட்டு, மேலே உடைத்த முந்திரி தூவுங்கள். தேன் உறைந்து சீனி கட்டியிருந்தால் கலப்படம் என்று எண்ண வேண்டாம். ரப்பர்த் தோட்டத்துத் தேன் சீக்கிரம் உறையும். வெந்நீரில் பாட்டிலை நிறுத்தினால் இளகிவிடும்.

எங்கள் ஊர் வெல்லத்தை நினைவுபடுத்திய ஐயாவுக்கு நன்றி. உருண்டையை அப்படியே வைக்காமல், அரிவாள்மனையில் சீவி மெல்லிய சில்லுகளாகக் கௌடாவுக்கு அருகில் வையுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் உட்காரும் பக்கத்தில் செங்காய்க் கொய்யாவை நீளத் துண்டுகளாக வைத்துவிட்டால் அவர்கள் வெல்லத்தைத் தேடி எழுந்து வரவேண்டியிருக்கும். அந்தச் சோம்பல் நமக்கு உதவும்.

குழித்துறைக்காரி | டிசம்பர் 12, காலை 10.30

டீச்சர், கணக்கைத் தாளில் எழுதிக் கதவில் ஒட்டிவிட்டேன். பிள்ளைகள் நட்சத்திரப் பழத்தைக் குறுக்கே அரிந்து வைத்தால் கிறிஸ்துமஸ் நட்சத்திரம்போல் இருக்கும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு மரத்தில் நிறையக் கிடக்கிறது. வைக்கலாமா?

சோகநாசினிக்கரை | டிசம்பர் 12, காலை 10.50

மாமனாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று எழுதியிருந்தீர்களே, அந்த வீட்டில் அந்தப் பழம் வேண்டவே வேண்டாம். இங்கே சதுரப்புளி என்பார்கள். சிறுநீரகம் சரியாக வேலை செய்யாதவர்களுக்கு அதிலுள்ள நச்சு உடம்பில் தங்கி மூளையைப் பாதிக்கும். விக்கலில் தொடங்கி வலிப்பு வரை போகலாம், உயிருக்கே ஆபத்தாக முடிந்ததும் உண்டு. நள்ளிரவுக் கூட்டத்தில் யார் எதை எடுத்து வாயில் போடுகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கொய்யாவையே நட்சத்திர அச்சில் வெட்டிக்கொடுங்கள். சீஸிலும் உப்பு அதிகம், பாஸ்பரஸ் அதிகம். அவருக்கு எவ்வளவு ஆகும் என்று அவருடைய மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லைக்கல் | டிசம்பர் 12, இரவு 9.30

சீஸைப் பற்றி எனக்குத் தெரியாது, தட்டைப் பற்றிச் சொல்கிறேன். பித்தளைத் தாம்பாளம் பார்வையாக இருக்கிறதே என்று எடுத்துவிடாதீர்கள், ஆரஞ்சும் திராட்சையும் நேரே பட்டால் களிம்பு ஏறும். பலாப்பலகை இருந்தால் அது நல்லது. இல்லையென்றால் தாம்பாளத்தின் மேல் வாழையிலையை அனலில் வாட்டி, துடைத்து, இரண்டடுக்காகப் போடுங்கள். வாட்டாத இலை மடிப்பில் கிழிந்து சாறு கீழே இறங்கிவிடும். நுனி எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று பெரியவர்கள் யாராவது கேட்டால், எல்லாரும் வட்டமாக உட்கார்ந்திருக்கும்போது நுனி யாருக்கு என்று திருப்பிக் கேளுங்கள்.

மட்டிப் பழத்தைத் தோலோடு குறுக்கே இரண்டாக வெட்டி நிறுத்தி வைக்கவும். உரித்து வைத்தால் அரை மணியில் கறுக்கும்.

சோகநாசினிக்கரை | டிசம்பர் 13, காலை 7.45

கடைசியாக நேரக் கணக்கு. லபனேயை 23-ஆம் தேதி காலையிலேயே கட்டிவிடுங்கள். 24 மாலையில் திராட்சையைக் கழுவித் தொங்கவிட்டு, அன்னாசியைச் சுட்டு மூடிவையுங்கள். கெட்டிச் சீஸை ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுமே, குளிராக இருக்கும்போதே வெட்டி, வெண்ணெய்த்தாளில் பொதிந்து திரும்ப உள்ளே வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகலாம்; குளிர்ந்த சீஸ்தான் உதிராமல் வெட்டுப்படும். வெட்டும்போது கௌடாவின் மேலுள்ள சிவப்பு மெழுகை உரித்துவிட வேண்டும், அது தின்பதற்கு அல்ல. நாள்பட்ட கௌடாவுக்குள் வெள்ளைப் பொட்டுகள் நறநறவென்று பட்டால் பயப்பட வேண்டாம், அது புரதத்தின் படிகம், பூஞ்சை அல்ல. திரும்பி வந்ததும் முதலில் சீஸை வெளியே எடுங்கள், உடை மாற்றுங்கள், அதற்குள் 20 நிமிடம் ஆகிவிடும். ஆப்பிளையும் கொய்யாவையும் அப்போது அரிந்து எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரில் முக்கி எடுங்கள். மாதுளை முத்துகளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முறுக்கும் பிஸ்கட்டும் தட்டில் ஏறவே கூடாது, தனித் தூக்கில் மூடியோடு இருக்கட்டும். 1.30-க்கு வைத்தால் 3.30-க்கு எடுத்துவிட வேண்டும்; இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் இருந்த மெதுவான சீஸைத் திரும்ப ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

குழித்துறைக்காரி | டிசம்பர் 26, மாலை 5.15

எல்லாருக்கும் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள். கசக்கவில்லை! திருப்பலி நீண்டு, வீடு வந்து சேர 1.40 ஆகிவிட்டது, ஆனாலும் தட்டு மேசைக்கு வரும்போது 2.05 தான். லபனே சட்டி கால் மணி நேரத்தில் துடைத்து வழித்ததுபோல் ஆனது. இரண்டு லிட்டர் தயிர் கட்டியிருக்க வேண்டும். சுட்ட அன்னாசிக்கு மிளகு போட்டது மாமியாருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் எட்டுத் துண்டு சாப்பிட்டுவிட்டுத்தான் அதைச் சொன்னார். மாமனாருக்கு மருத்துவர் அனுமதித்த அளவைச் சின்னக் கிண்ணத்தில் தனியாகக் கொடுத்தோம். வாழையிலையை வாட்டும்போது ஒன்று பொசுங்கிவிட்டது, தப்பு என்னுடையது. வெல்லச் சில்லும் கௌடாவும் யாருக்கும் முதலில் புரியவில்லை. குவைத்துப் பெண் ஒருத்தி சேர்த்துத் தின்று காட்டிய பிறகு எனக்கு மிச்சம் வரவில்லை.

கடைக்காரருக்கு ஒரு டப்பா முந்திரிக்கொத்து கொண்டுபோய்க் கொடுத்தேன். எதற்கு என்று கேட்டார், அவருக்குப் போன வருடச் சண்டையே நினைவில்லை.

தட்டில் ஏறாமல் உள்ளேயே இருந்த செடார் 180 கிராம் மிச்சம். ஒரு மூலையில் இன்று பச்சையாகப் பூஞ்சை தெரிகிறது. தூக்கிப் போடவா?

சோகநாசினிக்கரை | டிசம்பர் 26, இரவு 7.00

வேண்டாம். கெட்டிச் சீஸ் என்பதால் பூஞ்சை பட்ட இடத்தைச் சுற்றிலும் ஆழத்திலும் இரண்டரை சென்டிமீட்டர் விட்டு வெட்டி எறியுங்கள், கத்தி பூஞ்சைமேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மீதியைப் புது வெண்ணெய்த்தாளில் பொதிந்து காய்கறித் தட்டில் வையுங்கள். பிளாஸ்டிக் உறையில் இறுக்கி வைத்தால் வியர்த்து மறுபடியும் பூக்கும். மெதுவான சீஸில் இப்படித் தெரிந்திருந்தால் முழுவதையும் கொட்டச் சொல்லியிருப்பேன்.

எல்லைக்கல் | டிசம்பர் 26, இரவு 7.40

அந்த மறையூர் வெல்லம் களியக்காவிளையில் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது சொல்ல முடியுமா? கௌடா வாங்கிவிட்டேன்.